மூன்று முடிச்சு என்றால் இறங்கித் தள்ளு

என் அடங்காத தம்பி தினேஷுக்கு,

முதலில் உனக்குச் சிரிப்பு வரக்கூடிய செய்தி. பினாங்கில் மலைச் சைக்கிள் எங்கே ஓட்டலாம் என்று இணையத்தில் ஒரு பக்கம் வந்திருக்கிறது. எட்டு இடங்கள் கொண்ட பட்டியல். அதில் ஐந்தாவது, நீ வெட்டிய பாதை. உன் பெயர் எங்கும் இல்லை. நீ போய்ப் பதினோரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் உன் மலைக்கு ஊரெல்லாம் வாரிசு.

எழுதியவன் யாரென்று தெரியாது. சைக்கிளின் எந்தப் பக்கம் செயின் இருக்கும் என்று கேட்டால் முழிக்கக்கூடியவன் என்பது மட்டும் தெரிகிறது. முதல் இடம் கொடிமலை. தாவரப் பூங்காவிலிருந்து உச்சிக்குப் போகிற ஜீப் ரோடு. ரோடுடா அது. ஏறும்போது நெஞ்சு வெடிக்கும், இறங்கும்போது பிரேக் கருகும். மலை இருக்கிறது, சைக்கிளும் இருக்கிறது, ஆகவே மலைச் சைக்கிளாம்.

இரண்டாவது பாலிக் புலாவ் வயல்வெளி. உள்ளங்கை மாதிரி மட்டமான தரை. வாடகைச் சைக்கிளில் வாத்து மேய்க்கிற வேகத்தில் போய், இளநீர் குடித்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்து படம் எடுத்துக்கொண்டு திரும்பலாம். மூன்றாவது மெங்குவாங் அணைக்கட்டு. அங்கே ஏரிக்கரை அழகாக இருக்கும், குழந்தைகள் ஓட்டுவார்கள். அந்தக் குழந்தைகளுக்கே அது சலித்துவிட்டது.

நான்காவது புக்கிட் மெர்தாஜாம் காடு. பட்டியலில் உருப்படியான இடம் அது ஒன்றுதான். அதைப் பற்றி அவன் எழுதியிருப்பது என்ன தெரியுமா? சைக்கிளோடு பெர்ரியில் ஏறினால் கடல் காற்று மனதை வருடுமாம். பட்டர்வொர்த்தில் இறங்கியபின் லாரிகளுக்கு நடுவில் எவ்வளவு தூரம் மிதிக்க வேண்டும் என்று இல்லை. மழைக்கு மறுநாள் அந்தச் செம்மண் எப்படிச் சோப்பாகிறது என்று இல்லை. டுரியான் சீசனில் தோட்டத்துக்காரர்கள் மரத்துக்கு மரம் வலை கட்டியிருப்பார்கள், அந்தப் பக்கம் போனால் திருடன் என்று துரத்துவார்கள் என்றும் இல்லை.

எட்டாவது இடத்தைச் சொன்னால் நம்ப மாட்டாய். ஜார்ஜ்டவுன் சந்தில் சுவரில் வரைந்திருக்கிற சைக்கிள். வரிசையில் நின்று அதன் முன் படம் எடுத்துக்கொண்டு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சாப்பிட்டால் உங்கள் மலைப்பயணம் நிறைவு பெறுகிறதாம்.

சரி, ஐந்தாவதுக்கு வருகிறேன். கெலுகோருக்குப் பின்னால், நம் பிளாட்டின் சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிற மேடு. அதற்கு அவன் வைத்திருக்கிற பெயர் ‘தங்க ரிப்பன் பாதை’. நாம் வைத்த பெயர் உனக்கு நினைவிருக்கும். எம்சி பாதை.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். நீ அறிந்ததையே நான் திரும்பச் சொன்னால் அது அவர்களுக்காக. கிளினிக்கில் போய் முதுகு வலி என்று முனகி மருத்துவ விடுப்புச் சீட்டு வாங்குவாய். அதுதான் எம்சி. தொழிற்சாலைச் சூப்பர்வைசருக்கு அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, மண்வெட்டியும் பாராங் கத்தியுமாக மலை ஏறுவாய். முதுகு வலிக்காரன் ஒரு நாளில் முப்பது அடி பாதை வெட்டினான். இரண்டு வருஷத்து எம்சி எல்லாம் சேர்ந்து அந்த மேட்டில் ஒரு பாதையாகக் கிடக்கிறது.

ஆபத்தான இடங்களுக்கு முதலில் சிவப்புப் பிளாஸ்டிக் நாடா கட்டினாய். குரங்கு பிய்த்தது. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் குப்பை என்று கழற்றினார்கள். பாறையில் பெயிண்ட் அடித்தாய், யாரோ வந்து திட்டினார்கள். அப்புறம் ஒரு நாள் அம்மாவின் அலமாரியைத் திறந்தாய்.

தைப்பூசத்துக்குத் தைப்பூசம் பால்குடம் எடுக்க அம்மா ஒரு மஞ்சள் சேலை வாங்குவாள். அடுத்த வருஷம் புதிது. பழையதைத் தூக்கிப் போடவும் மாட்டாள், கட்டவும் மாட்டாள். அந்த அடுக்கிலிருந்து ஒன்றை உருவி, என் கத்தரிக்கோலால் நீளம் நீளமாக வெட்டினாய்.

“அம்மாவுக்குத் தெரிஞ்சா உன்ன வெட்டிரும்,” என்றேன்.

“மஞ்சத் துணியில கை வைக்க இந்த ஊர்ல எவனுக்கும் தைரியம் இல்லக்கா. மலாய்க்காரவங்க தொட மாட்டாங்க. சீனவங்க தொட மாட்டாங்க. நம்ம ஆளு, கும்புட்டுட்டுப் போயிடுவான்.”

“குரங்கு?”

“குரங்குக்கும் பயம் இருக்கும் லா.”

ஏழு இடம். ஒரு முடிச்சு போட்டிருந்தால் வேகத்தைக் குறை. இரண்டு முடிச்சு என்றால் இரண்டு பிரேக்கையும் பிடி. மூன்று முடிச்சு என்றால் இறங்கித் தள்ளு. மூன்று முடிச்சு ஒரே ஓர் இடத்தில்தான். ஆலமரத்தடியில், இரண்டு ஆள் உயரத்துக்கு மண் செங்குத்தாகச் சரிகிற இடம். “மூணு முடிச்சப் பாத்தா எந்த ஆம்பளயும் தானா எறங்கிடுவான்,” என்று நீ சொன்னதற்கு உன் கூட்டாளிகள் சிரித்தார்கள். எல்லோருமே ஒப்பந்த வேலைக்காரர்கள், எல்லோரிடமும் பழைய சைக்கிள். இரண்டு வருஷத்தில் அந்தப் பாதையில் யாருக்கும் ஓர் எலும்புகூட முறியவில்லை.

நீயும் அங்கே சாகவில்லை. இரவுச் சிப்ட் முடித்து, காலையில் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது, தொழிற்பேட்டை வளைவில் ஒரு லாரி. ஆயிரம் பேர் தூக்கக் கண்ணோடு வெளியே வருகிற வளைவு அது. அங்கே உனக்காக ஒரு முழத் துணி கட்டிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. தொழிற்சாலையிலிருந்து மலர் வளையம் வந்தது. நீ ஒப்பந்த ஆள் என்பதால் ஏஜெண்டின் பெயர் அதில் உன் பெயரைவிடப் பெரிதாக இருந்தது.

அதன் பிறகு ஆறு மாதம் நான் மலைப் பக்கம் போகவில்லை. உன் சைக்கிள் பால்கனியில் துணி காயப்போடுகிற கம்பியாக நின்றது. அந்த ஆறு மாதத்தில்தான் இவ்வளவும் நடந்தது.

இணையப் பக்கத்தில் உன் துணிகளின் படத்தைப் போட்டு, கீழே எழுதினான்: ‘உள்ளூர் மக்களின் வழிபாட்டு ரிப்பன்கள். மதித்து, நிற்காமல் கடந்து செல்லுங்கள்.’ நிற்காமல் கடந்து செல்லுங்கள். நீ நில் என்று கட்டியதை அவன் போ என்று படித்தான். வார இறுதியில் கார் கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். நம் ஒரு வருஷச் சம்பளத்தைச் சக்கரமாகச் செய்த மாதிரி சைக்கிள். முழங்காலுக்குக் கவசம், முதுகுக்குக் கவசம், தண்ணீர் குடிக்க முதுகில் ஒரு குழாய். மலையில் குப்பை போடக் கூடாது என்று ஒருவருக்கொருவர் உபதேசம். அந்தப் பாதையை யார் வெட்டியிருப்பார்கள் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. பாதை தானாக முளைத்தது என்று நினைத்திருப்பார்கள் போல.

அவர்களாவது பரவாயில்லை. நம் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா?

காலையில் நடக்க வருகிற நாலைந்து பேர் ஆலமரத்தில் உன் துணியைப் பார்த்தார்கள். மஞ்சள். மூன்று முடிச்சு. வேறென்ன வேண்டும்? ஒரு வாரத்தில் அங்கே ஒரு சூலம். இரண்டாவது வாரம் தகரக் கூரை. மூன்றாவது வாரம் செயற்குழு. சாமிக்கு முன்னால் செயற்குழு வராமல் போனதே பெரிய விஷயம். முடிச்சு அம்மன் என்று பெயர். கல்யாணம் தட்டிப்போகிறவர்கள் வந்து மூன்று முடிச்சு போட்டால் கூடிவருமாம். பொண்ணு, மாப்பிள்ளை, பொண்ணைப் பெற்றவர்கள் என்று ஏறி வந்து கட்டிக் கட்டி, மரத்தின் இடுப்பு தெரியவில்லை.

தலைவர் மாணிக்கம் அண்ணன். நம் பிளாட்டுக்குக் கால்வாய் கட்டிக் கொடுத்த குத்தகைக்காரர். மழை வந்தால் அந்தக் கால்வாய் தண்ணீரைக் கீழே அனுப்பாமல் வீட்டுக்குள் அனுப்பும், ஞாபகம் இருக்கிறதா? அவர்தான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்கிறாயா? அம்மா வழியாக. பல்கலைக்கழகக் கேண்டீனில் பாத்திரம் கழுவிவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேராக வீட்டுக்கு வருகிறவள், வராமல் போனாள். கேட்டால், “கோயிலுக்குப் போனேன்,” என்றாள். எந்தக் கோயில் என்று கேட்டதற்கு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். நீ போனதிலிருந்து சோற்றைப் பிசைந்துவிட்டுக் கொட்டிக்கொண்டிருந்தவள், அன்றைக்கு இரண்டாவது தடவை ரசம் கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். மேலிருந்து இறங்க ஆரம்பித்தேன். முதல் துணி இல்லை. இரண்டாவது இல்லை. கண் மறைக்கிற அந்த வளைவில், பாறைப்படிக்கு முன்னால், இரண்டு முடிச்சுத் துணி இல்லை. நானே தடுமாறித்தான் நின்றேன். ஆலமரத்துக்கு வந்து பார்த்தால் எல்லாம் அங்கே. நீ ஆறு இடத்தில் கட்டியதையும் யாரோ பக்தியோடு அவிழ்த்துக் கொண்டுவந்து, பூக்கொத்து மாதிரி ஒரே மரத்தில் கட்டியிருந்தார்கள்.

“அம்மன் துணி அங்கங்க சிதறிக் கெடந்துச்சும்மா. காட்டுல கெடக்கலாமா? ஒண்ணாச் சேத்துட்டோம்,” என்றார் ஓர் அக்கா, பெருமையாக.

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மரத்தடியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். காலை நீட்டி, கையை மடியில் போட்டு, மரத்தையே பார்த்துக்கொண்டு. அப்படி ஓய்வாக அவளை நம் வீட்டு நாற்காலியில்கூட நான் பார்த்ததில்லை. இது சாமி இல்லை, உன் மகனின் பிரேக் அடையாளம் என்று நான் எப்படிச் சொல்வேன்? வாயை மூடிக்கொண்டு, அக்கா கொடுத்த சுண்டலைத் தின்றுவிட்டு வந்தேன்.

மற்றவர்களைக் காறித் துப்புகிற எனக்கு அன்றைய என்னைப் பற்றி என்ன எண்ணம் என்று நீயே யோசித்துக்கொள். வேலையில் மைக்ராஸ்கோப் வைத்துக் கணினிச் சில்லில் கீறல் தேடுகிறவள் நான். மலையில் ஆறு கீறலைக் கண்ணால் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று முத்திரை குத்தி அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து ஒருவர் விழுந்தார். கோலாலம்பூரிலிருந்து வந்த பல் டாக்டர், தமிழர். நான் கீழே பாதையில் இலை கூட்டிக்கொண்டிருந்தேன். வளைவில் ஒரு சத்தம், அப்புறம் சக்கரம் மட்டும் சுற்றுகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பாறைப்படிக்குக் கீழே கிடக்கிறார். தோள் எலும்பு தோலைத் தள்ளிக்கொண்டு நின்றது.

“சிஸ்டர், இங்க ஒரு சைன்போர்டு வெச்சிருக்கலாம்ல?” என்றார். அந்த வலியிலும் புகார்.

“இருந்துச்சு. சாமி கும்புட எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

நான் கிண்டல் செய்வதாக நினைத்து அவர் அழ ஆரம்பித்துவிட்டார். அவருடைய சட்டையாலேயே கையைக் கட்டி, தோளில் சாய்த்துக் கீழே இறக்கினேன். வழி முழுக்க அவர் கேட்டது சைக்கிளுக்கு ஏதாவது ஆயிற்றா என்றுதான். எனக்கு அவர்மேல் வந்திருக்க வேண்டிய கோபம் வரவில்லை. அந்தத் தோள் நான் உடைத்தது.

செயற்குழு அன்றைக்கே கூடியது. அம்மன் குற்றம் என்று முடிவாயிற்று. செருப்புக் காலோடும் சைக்கிளோடும் வந்தால் இப்படித்தான் ஆகுமாம். அடுத்த ஞாயிறு பாதையின் குறுக்கே இரும்புச் சங்கிலி போடுவதென்று தீர்மானம். எந்த இடத்தில்? வளைவு தாண்டியவுடன். மேலிருந்து வருகிறவனுக்குக் கடைசி நொடி வரை கண்ணில் படாத இடம். சைக்கிளில் குனிந்து வருகிறவனுக்கு அந்தச் சங்கிலி கழுத்து உயரம்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். இருபது பேர் இருந்தார்கள். அம்மாவும் பெண்கள் பக்கத்தில் இருந்தாள். இரண்டு பேர் கம்பம் நட குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். சங்கிலி ஒரு பாயில் சுருண்டு கிடந்தது, அதற்கும் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள்.

“மாணிக்கம் அண்ணே, இங்க போடாதீங்க. மேலேந்து வர்றவனுக்குக் கண்ணுக்கே தெரியாது. கழுத்து போயிரும்.”

“அப்ப வர வேணாம்னு சொல்லு லா. கோயிலுக்குள்ள எதுக்குச் சைக்கிளு?”

“கோயில் ரெண்டு மாசத்துக்கு முந்தி வந்துச்சு. பாதை ரெண்டு வருஷமா இருக்கு.”

“அம்மன் எப்பவும் இருந்தவ தங்கச்சி. நமக்குத்தான் ரெண்டு மாசத்துக்கு முந்தி தெரிஞ்சுது.”

ஆளை என்ன சொன்னாலும் வாய் மட்டும் கால்வாய் மாதிரி அடைத்துக்கொள்வதில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். நான் அம்மாவைப் பார்க்காமல், மரத்தைப் பார்த்துச் சொன்னேன்.

“இது சாமித் துணி இல்ல அண்ணே. என் தம்பி கட்டுனது. சைக்கிள்ல வர்றவங்களுக்கு அடையாளம். ஒரு முடிச்சுன்னா மெதுவா வா. ரெண்டுன்னா பிரேக்கப் பிடி. மூணுன்னா எறங்கித் தள்ளு. அந்த டாக்டரு விழுந்த எடத்துல ரெண்டு முடிச்சு இருந்துச்சு. நீங்க அவுத்துட்டீங்க. அதான் விழுந்தாரு.”

குழி தோண்டுகிறவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். சுண்டல் கொடுத்த அக்காதான் முதலில் பேசினார்.

“அப்ப என் மகளுக்கு வரன் வந்துச்சே?”



மாணிக்கம் அண்ணன் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். “உன் தம்பி சாதாரண ஆளா? அம்மன் அவன் கையப் புடிச்சுக் கட்ட வெச்சிருக்கா. அவனுக்கே தெரியாம. அவன் போட்டோ ஒண்ணு குடு தங்கச்சி. பெரிசாக்கி மாலை போட்டு வெப்போம்.”

“எம்சி போட்டுட்டு வந்து கட்டுனான் அண்ணே.”

“எப்படி வந்தா என்ன. வந்தான்ல.”

தினேஷ், உண்மையைச் சொன்னால் உடையும் என்று நினைத்திருந்தேன். அந்த ஆள் உண்மையை வாங்கி, துடைத்து, கர்ப்பக்கிரகத்தில் வைத்துவிட்டார். உன்னையும் சேர்த்து. குழி தோண்டுகிறவர்கள் மறுபடியும் தோண்ட ஆரம்பித்தார்கள்.

அப்போது அம்மா எழுந்தாள். சேலையை உதறிக்கொண்டு நேராக மரத்துக்குப் போனாள். நூற்றுக்கணக்கான மஞ்சள் துணிகள், எல்லாம் ஒரே மஞ்சள், எல்லாம் மழையில் வெளுத்தவை. ஒவ்வொன்றின் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றைப் பிடித்து அவிழ்க்க ஆரம்பித்தாள்.

“யக்கா, என்ன செய்றீங்க? அம்மன் துணி,” என்றார் மாணிக்கம் அண்ணன். குரலில் முதன்முறையாகப் பயம்.

“என் சேல,” என்றாள் அம்மா. “இந்தா பாரு, ஓரம் அடிச்ச தையலு. பால்குடத்துக்கு நான் கட்டுன சேல. முடிச்சு என் புள்ள போட்டது. மத்தவங்க முடிச்சுல நான் கை வெக்கல. அவங்கவங்களுது அவங்கவங்களுக்கு இருக்கட்டும்.”

ஒருவரும் கிட்டே போகவில்லை. நீ சொன்னது சரிதான், மஞ்சள் துணியில் கைவைக்க எவனுக்கும் தைரியமில்லை. அம்மா ஒருத்தியைத் தவிர. ஆறு துணியைப் பிரித்து எடுத்தாள். ஏழாவதை, மூன்று முடிச்சு போட்டதை, அவிழ்க்கவில்லை. அதைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“இது இங்கதானே இருக்கணும்?”

“ஆமாம்மா.”

“மத்தது எங்கெங்க இருந்துச்சு? காட்டு.”

ரப்பர் ஜப்பான் செருப்போடு ஏறினாள். இரண்டு தடவை வழுக்கினாள், என் கையைப் பிடிக்க மறுத்தாள். வளைவில் நான் காட்டிய மரத்தில் துணியைச் சுற்றி, “எத்தன முடிச்சு?” என்று கேட்டாள். “ரெண்டு.” இழுத்துப் பார்த்துக்கொண்டு போட்டாள். மாணிக்கம் அண்ணன் மூச்சிரைக்கப் பின்னால் வந்து நின்றார். அம்மா கட்டிய துணியைப் பார்த்தார், தோண்டிய குழியைப் பார்த்தார்.

“சரி லா. சங்கிலி அப்புறம் பாத்துக்கலாம்,” என்றார்.

கீழே இறங்கும்போது கேட்டேன். “எப்பம்மா தெரியும் உனக்கு?”

“மொத வெள்ளிக்கெழமயே. என் சேல எனக்குத் தெரியாதா? அலமாரியில அடுக்கு கொறஞ்சதும் தெரியும். எதுக்கு வெட்டுனான்னுதான் தெரியல.”

“அப்ப சாமின்னு நெனச்சுப் போகலயா?”

“அவன் முடிச்ச பாக்கப் போனேன். சாமி இருந்தா இருக்கட்டும். நீயா சொல்லுவன்னு பாத்தேன், நீ சொல்லல. பிரேக்குக்குன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே அவுத்திருப்பேன்ல? ஒருத்தன் தோளு ஒடையணுமா?”

இருபது பேரை முட்டாள் என்று எண்ணியபோது அம்மாவையும் அதில் சேர்த்துத்தான் எண்ணியிருந்தேன். அவளைப் பாதுகாப்பதாக நினைத்தேன். யார் கேட்டார்கள் என்னை?

இப்போதைய நிலவரம் சொல்கிறேன். ஆறு துணியும் ஆறு இடத்தில் இருக்கின்றன. சங்கிலி சூலத்துக்குப் பின்னால் சுருண்டு கிடக்கிறது, குங்குமம் அழியவில்லை, ஆகவே எனக்கு நிம்மதியும் இல்லை. உன் போட்டோவை நான் கொடுக்கவில்லை. இணையப் பக்கத்துக்கு முடிச்சின் அர்த்தத்தை விளக்கி எழுதினேன். ஆன்மிகத் தகவலுக்கு நன்றி, விரைவில் இணைக்கிறோம் என்று பதில் வந்தது. ஆன்மிகத் தகவலாம்.

ஆலமரத்துக்கு மேலே செயற்குழு ஒரு பலகை வைத்திருக்கிறது. மூன்று மொழியில். ‘முடிச்சு அம்மன் உத்தரவு: சைக்கிளில் வருவோர் இங்கே இறங்கித் தள்ளவும்.’ நீ சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்கள், உத்தரவு போட்டது மட்டும் வேறு ஆள். எனக்கு இருக்கிற எரிச்சல் என்ன தெரியுமா? எல்லோரும் இறங்கித் தள்ளுகிறார்கள். கவசம் போட்டவன், கார் கூரையில் கட்டிக்கொண்டு வந்தவன், ஒருவன் பாக்கியில்லாமல் இறங்கி, சிலர் கும்பிட்டுவிட்டும், தள்ளுகிறார்கள். ஒப்பந்த வேலைக்காரன் ஒருவன் சொன்னான் என்று எழுதியிருந்தால் யாராவது இறங்கியிருப்பார்களா?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: பினாங்கில் மலைச் சைக்கிள் எங்கே ஓட்டலாம் என்று என்னைக் கேட்டால், கடல் தாண்டி புக்கிட் மெர்தாஜாம் போங்கள், மழைக்கு மறுநாள் போகாதீர்கள். எங்கள் மேட்டுக்கு வந்தே தீருவேன் என்றால் வாருங்கள். உங்களை நிறுத்த என்னால் முடியாது. மஞ்சள் துணியைப் பார்த்தால் முடிச்சை எண்ணுங்கள். ஒன்று, மெதுவாக. இரண்டு, இரண்டு பிரேக்கும். மூன்று, இறங்குங்கள். அந்தப் பாதையை வெட்டியவன் பெயர் தினேஷ். அவன் முதுகில் ஒரு வலியும் இருந்ததில்லை.

உனக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். இந்தத் தைப்பூசம் முடிந்ததும் அம்மா பால்குடச் சேலையைத் துவைத்துக் காயவைத்து, மடித்து, அலமாரியில் வைக்காமல் என் கட்டில்மேல் வைத்தாள். மேலே என் கத்தரிக்கோல். ஏழு துண்டும் வெட்டிவிட்டேன், ஓரத் தையலோடு. வருஷம் தவறாமல் மாற்றுவேன். ஞாயிறு காலை யாரும் வருவதற்கு முன்னால் உன் சைக்கிளில் முதலில் இறங்குவது நானாக இருப்பேன், சங்கிலி சூலத்துக்குப் பின்னாலேயே கிடக்கிறதா என்று பார்க்க. அதோடு அந்தத் தொழிற்பேட்டை வளைவில், விளக்குக் கம்பத்தில், எட்டாவது துண்டு ஒன்று கட்டப்போகிறேன். இரண்டு முடிச்சு. மாணிக்கம் அண்ணன் அங்கேயும் ஒரு கூரை போட்டால் போடட்டும். லாரிக்காரன் பிரேக்கைப் பிடித்தால் போதும்.

உன்னைவிட மூன்று வயது மூத்தவளாகப் பிறந்து, இனி வருஷத்துக்கு வருஷம் இன்னும் மூத்துக்கொண்டே போகப்போகிற
உன் அக்கா